பாவாயி பிடித்துக் கொடுத்த தண்ணீர்

பிப்ரவரி 12, திங்கள்

காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டேன். எட்டேகாலுக்கு நிறுத்தினேன். கீழ்த்தெருக் குழாயில் காற்றுதான் வருகிறதென்று மூன்று பேர் வந்து கத்திவிட்டுப் போனார்கள். வால்வை அந்தப் பக்கம் திருகினால் மேல்தெரு கத்தும். யார் கத்தினாலும் வாங்கிக்கொள்ள டேங்க் ஆபரேட்டர் பாவாயி இருக்கிறாளே!

தண்ணீர்ப் பரிசோதனைக்கு பாட்டில் இரண்டை பஞ்சாயத்து கிளார்க் மோட்டார் ரூமில் வைத்துவிட்டுப் போயிருந்தான். வருடத்துக்கு இரண்டு தடவை இந்த வேலை. பெரிய பாட்டில் ஒன்று, சின்னது ஒன்று. சின்னதைத் திறந்தால் வழக்கம்போல அடியில் நாலு சொட்டு ஏதோ கிடக்கிறது. மூக்கில் சுள்ளென்று ஏறுகிறது. எவனோ கக்கூஸ் கழுவ வைத்திருந்த பாட்டிலை அலசக்கூட அலசாமல் நம் தலையில் கட்டுகிறார்கள். சர்க்கார் காரியம் அந்த லட்சணத்தில்தான் நடக்கும். நானும் அப்படியே விட முடியுமா? சோப்புப் போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீரில் மூன்று முறை அலசி, வெயிலில் கவிழ்த்து, வாடை சுத்தமாகப் போன பிறகுதான் தண்ணீர் பிடித்தேன். 'ஓலக்காட்டுப்புதூர், பிடித்தவர்: பாவாயி' என்று லேபிளில் எழுதி ஒட்டினேன்.

என் வீட்டுக்காரர் இந்த வேலையில் இருந்தபோதும் பாட்டில் கழுவுவது நான்தான். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. இந்த டைரி எழுதுகிற பழக்கமும் அவருடையதுதான். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம் மட்டும் எழுதுவார். நான் கொஞ்சம் வாயாடி.

மார்ச் 4, திங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. எல்லாம் அளவுக்குள். ஈயம் என்கிற இடத்தில் 'கண்டறியப்படவில்லை' என்று போட்டிருக்கிறது. நகல் எடுத்துப் பஞ்சாயத்து போர்டில் ஒட்டினேன். இன்னொன்றை மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டேன். வாயை அடைக்க வேண்டியவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

ஊருக்குக் கிழக்கே பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிற கம்பெனி வந்து பத்து வருடம் ஆகிறது. அன்றிலிருந்து எவனுக்குத் தும்மல் வந்தாலும் தண்ணீரைத்தான் சொல்கிறார்கள். அவருக்குக் கிட்னி கெட்டபோதும் அதைத்தான் சொன்னார்கள். நாற்பத்தொன்பது வயசு வரைக்கும் பீடியை விடாமல் இழுத்தால் கிட்னி போகாமல் என்ன செய்யும்?

சாயங்காலம் பக்கத்து வீட்டு ருக்குமணி வந்தாள். அவள் பையன் கவினுக்கு ஏழு வயது. அவளுக்கு அவன் ஒன்றுதான்.

"அக்கா, பையன் வவுறு வலிக்குது வவுறு வலிக்குதுன்னு சுருண்டுக்கறானுங்க. டீச்சர் வேற, நேத்துச் சொல்லிக் குடுத்தது இன்னைக்கு நெனப்புல இல்லீங்கறாங்க. போன வருசம் இப்பிடி இல்லீங்க. தண்ணியால இருக்குமோன்னு..."

"படிக்காத பையனுக்கெல்லாம் தண்ணிதான் காரணம்னா ஊர்ல முக்காவாசிப் பேரு மண்டைக்குத் தண்ணிதான் காரணம்" என்று சொல்லி ரிப்போர்ட்டைக் காட்டினேன். "பாரு. இங்கிலீஷ்ல போட்டுருக்கறான். ஈயம் இல்ல. உன்ற பையன் கண்ட மிட்டாயத் தின்னுட்டுத் திரியறான். பூச்சி மருந்து குடு."

அவள் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். பாவம், சண்டை போடத் தெரியாதவள்.

மார்ச் 17, ஞாயிறு

என் மகள் தாரணிக்குக் கட்டுச்சோறு. ஏழாம் மாதம். ஒற்றைப் பெண், தலைப்பிரசவம். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச் சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறு என்று ஐந்து வகை கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு வேன் வைத்துப் போனோம். அப்பன் இல்லாத பெண் என்று ஒருத்தி வாயிலும் வராதபடி செய்துவிட்டேன்.

பந்தி முடிந்து, பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் சம்பந்தியம்மா மெதுவாக ஆரம்பித்தார்.

"சம்பந்தி, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. உங்கூருத் தண்ணி ஒரு மாதிரின்னு இங்க பேசிக்கறாங்க. பிரசவத்தை இங்கியே வெச்சுக்கலாமுங்களே?"

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஏறிவிட்டது. தலைப்பிரசவத்தை மாமியார் வீட்டில் பார்ப்பார்களா? ஊர் என்ன சொல்லும்? மணிபர்ஸைத் திறந்து ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்தேன். "இந்தத் தண்ணியப் புடிச்சு அனுப்பறவளே நாந்தானுங்க. பத்து வருசமா ஒரு தடவகூட ரிப்போர்ட் தப்பா வந்ததில்லீங்க. உங்கூருத் தண்ணிக்கு ரிப்போர்ட் இருக்குதுங்களா?" மாப்பிள்ளை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்குது" என்றார். சம்பந்தியம்மா தாரணியின் பையை எடுத்து வேனில் வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தாரணி குழாயில் ஒரு சொம்பு பிடித்து மடக்மடக்கென்று குடித்தாள். "நம்மூருத் தண்ணி குடிச்சாத்தாம்மா தாகமே அடங்குது" என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மார்ச் 29

மோட்டார் காயில் போய்விட்டது. இரண்டு நாள் தண்ணீர் இல்லை. திட்டாத வாய் இல்லை.

ஏப்ரல் 10, புதன்

தாரணியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் ஏழு புள்ளி எட்டுதான் இருக்கிறதாம். வந்த நாளிலிருந்து கீரையும் பேரீச்சம்பழமும் ஊட்டுகிறேன், எங்கேதான் போகிறதோ! இரண்டு வாரமாக வயிறு இழுத்துப் பிடிக்கிறது, மலச்சிக்கல், கை கால் சோர்வு என்கிறாள். கர்ப்பிணிக்கு இதெல்லாம் இருப்பதுதான் என்று சொன்னேன். லேடி டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். நான் மணிக்கொரு சொம்பு கொடுக்கிறேன்.

ஏப்ரல் 22, திங்கள்

கவினுக்கு வலிப்பு. மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தவன் விழுந்து வெட்டி வெட்டி இழுத்திருக்கிறான். ருக்குமணி போட்ட சத்தத்தில் நான் கையிலிருந்த கரண்டியோடு ஓடினேன். மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் கோயமுத்தூருக்குப் போனோம். வழியெல்லாம் அவன் கால் என் மடியில்தான் இருந்தது. அங்கே ரத்தம் எடுத்தார்கள்.

ஏப்ரல் 25, வியாழன்

கவின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதாம். எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடியுங்கள், வீட்டுப் பெயின்ட், பாத்திரம், தண்ணீர் எல்லாவற்றையும் பாருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். ருக்குமணி புருஷன் நேராகக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

தேர்த் திருவிழாவில் வாங்கிய பெயின்ட் பொம்மையை அவன் வாயில் வைத்துக்கொண்டே திரிவான். அதைத்தான் சொன்னேன். தண்ணீருக்கு ரிப்போர்ட் இருக்கிறது.

ஏப்ரல் 29, திங்கள்

லேபிலிருந்து பெண் ஒருத்தி ஜீப்பில் வந்தாள். ஷர்மிளா என்று பெயர். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. மனு வந்ததால் இந்தத் தடவை அவளே முன்னால் நின்று சாம்பிள் பிடிக்க வேண்டுமாம். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிடச் சொன்னாள். பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். நான் சின்னதைத் திறந்து, வழக்கப்படி குழாயடிக்குக் கொண்டுபோனேன்.

"ஐயோ அம்மா, கழுவிடாதீங்க! அதுல ஆசிட் இருக்கு."

கை அப்படியே நின்றுவிட்டது.

"நாலு சொட்டு நைட்ரிக் ஆசிட். நாங்கதான் ஊத்தி அனுப்பறோம். அது இல்லேன்னா தண்ணியில இருக்கற ஈயமெல்லாம் பாட்டில் சுவத்துல போய் ஒட்டிக்கும். லேபுல நாங்க தண்ணிய மட்டும் ஊத்திப் பாத்தா ஒண்ணும் தெரியாது, ரிப்போர்ட் நல்லதாவே வந்துரும். சில ஊர்ல இப்படித்தான் சுத்தம் பண்றோம்னு கழுவிடறாங்கம்மா."

"அது எனக்குத் தெரியாதா? நாலு வருசமா நாந்தானே புடிக்கறேன். வெளிய தூசி இருந்துது, தொடைக்கலாம்னு பாத்தேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "நீங்க தெரிஞ்சவங்களா இருக்கீங்க" என்றாள். பிடித்து, மூடி, அவளே பெட்டியில் வைத்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். பதினைந்து நாளில் ரிசல்ட் வருமாம்.

மோட்டாரை எத்தனை மணிக்கு நிறுத்தினேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

டவுனுக்குப் போய் இருபது லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தேன். தாரணிக்கு வாய் கசக்கிறதாம். மாசமாக இருக்கிறவள், ருசி மாற்றித்தான் கொடுத்துப் பார்ப்போமே.

மே 2, வியாழன்

கேனைச் சமையலறை மூலையில் வைத்துப் பழைய சேலை போட்டு மூடியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் கண்ணு பட்டுவிடும். 'டேங்க் ஆபரேட்டர் வீட்டிலேயே கேன்' என்று நாலு நாக்கு நாலு விதமாகப் பேசும். சோறு பொங்கவும் அதில்தான் எடுக்கிறேன். எதற்கு இரண்டு தண்ணீரைக் குழப்பிக்கொண்டு?

கவினை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்துவிட்டார்கள். ருக்குமணி வாசலில் நின்று கேட்டாள்.

"அக்கா, ரிசல்ட் வார வரைக்கும் பையனுக்கு இந்தத் தண்ணியக் குடுக்கலாமுங்களா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாச் செரி."

"இத்தன வருசமா வந்த ரிப்போர்ட்டெல்லாம் பொய்யா? ஒண்ணும் ஆகாது. மனசு கேக்கலீன்னா காய்ச்சிக் குடு" என்றேன்.

காய்ச்சினால் நல்லதுதானே. எந்தத் தண்ணீரானாலும் காய்ச்சிக் குடிப்பது நல்லது.

தாரணி கட்டிலில் படுத்திருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

மே 3

ஐந்தரைக்குப் போட்டேன். எட்டேகாலுக்கு நிறுத்தினேன்.

மே 4

ஐந்தரை. எட்டேகால். இரண்டாவது கேன்.

மே 7, செவ்வாய்

டேங்கில் இருந்த தண்ணீரை இறக்கிவிட்டுக் கழுவினேன். கழுவுகிற நாள் இல்லை. நானாகக் கழுவினேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். முட்டி இரண்டும் வீங்கிவிட்டது. தலைவர் நாச்சிமுத்து அந்தப் பக்கம் வந்தவர், "என்ன பாவாயி, யாராச்சும் மினிஸ்டர் வர்றாங்களா?" என்று கிண்டல் செய்தார்.

நாலு சொட்டில் என்ன இருந்துவிடப் போகிறது? ஒரு பாட்டில் தண்ணீரில் நாலே நாலு சொட்டு. அந்தப் பெண் நேற்றுப் படித்து இன்றைக்கு வேலைக்கு வந்தவள்.

மே 11, சனி

கவினுக்கு மறுபடியும் வலிப்பு. இந்தத் தடவை கால் மணி நேரம் நிற்கவில்லை. ருக்குமணி புருஷன் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் கூடப் போகவில்லை. தாரணியைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

ருக்குமணி வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே கிடந்தது. பாத்திரத்தில் பாதிக்கு வற்றிப்போயிருந்தது. போய் அணைத்துவிட்டு வந்தேன்.

மே 15, புதன்

ரிசல்ட். ஈயம் இருக்கலாம் என்கிற அளவைப்போல ஒன்பது மடங்கு.

காலையிலேயே ஜீப் மூன்று வந்துவிட்டது. போர்வெல்லுக்குச் சீல் வைத்தார்கள். டேங்கர் லாரி வந்து நின்றது. பழைய தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்காதீர்கள், வற்ற வற்ற ஈயம் கூடத்தான் செய்யும் என்று மைக்கில் சொன்னார்கள். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஈயக் கம்பெனி மேனேஜர் வெள்ளைச் சட்டை கசங்காமல் வந்து நின்று, பிப்ரவரி ரிப்போர்ட்டை நீட்டினான். என் பெயர் எழுதிய ரிப்போர்ட். "பத்து வருஷமா தண்ணி சுத்தமாத்தான் இருந்திருக்கு சார். மார்ச் மாசம் ஒரு பைப்புல கசிவு வந்துது, சரிபண்ணிட்டோம்" என்றான். ஜீப்பில் வந்த அதிகாரியும் தலையை ஆட்டினார். மார்ச்சுக்கு அப்புறம் நோய் வந்தவர்களுக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை, வைத்தியச் செலவு என்று எழுதிக்கொண்டார். கவினுக்கு ஜனவரியிலேயே வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதாம். அதனால் அவன் பெயரை அடித்துவிட்டார்கள்.

ருக்குமணி கோயமுத்தூரில் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

மே 17, வெள்ளி

தாரணியோடு டவுன் ஆஸ்பத்திரி. பேப்பரில் நம் ஊர்ச் செய்தி வந்திருந்ததால் லேடி டாக்டர் உடனே ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். அப்புறம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு நாளா இந்தத் தண்ணி குடிக்கறம்மா?"

"ரெண்டு மாசம்தான் டாக்டர். அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகிப் போன ஊர்ல ஒரு வருசம். இங்க தண்ணி மார்ச்ல இருந்துதான் கெட்டுருக்குது. அதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்துது, அம்மாகிட்ட ரிப்போர்ட் இருக்குதுங்க" என்றாள் தாரணி. என்னைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படின்னா பரவால்ல. ரத்தத்துல இருக்கறது தண்ணிய மாத்தினாலே கொஞ்சம் கொஞ்சமா எறங்கிரும். வருசக்கணக்காக் குடிச்சிருந்தாத்தான் தொல்லை. எலும்புல போய் ஒக்காந்துக்கும். வயித்துல புள்ள வளர அம்மா எலும்புல இருந்துதான் சுண்ணாம்புச்சத்து போகும். அதோட சேந்து ஈயமும் போகும். அதை ரத்த டெஸ்ட்டுல முழுசா பாக்க முடியாது, நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

அவர் சீட்டில் 'இரண்டு மாதம்' என்று எழுதினார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க" என்றேன். "பத்து வருசம்னு எழுதுங்க. அந்த ரிப்போர்ட் ஒண்ணும் செல்லாதுங்க. பாட்டில்ல இருந்த ஆசிட்டை நான் கழுவிப்போட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் புடிச்சேன். அது ஆசிட்டுன்னு எனக்குத் தெரியாதுங்க."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். சுண்ணாம்புச்சத்து மாத்திரையைக் கூட்டினார். பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், பிள்ளைக்கும் பிறந்தவுடன் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். "சொன்னது நல்லதாப் போச்சும்மா" என்றார்.

தாரணி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதின்மூன்று வயதிலிருந்து அவள் குடித்த தண்ணீர் அது. எனக்கு அவளைத் தொடக்கூடப் பயமாக இருந்தது.

மே 18, சனி

"கவின் பேரை அடிச்சுட்டாங்களாமே, நெசமா?" என்று தாரணி கேட்டாள். ஆமாம் என்றேன்.

"திங்கக்கிழமை ஊர்க்கூட்டம் இருக்குதில்ல. டாக்டர்கிட்டச் சொன்னதை அங்கயும் சொல்லு."

"அங்கெல்லாம் எப்பிடிச் சொல்றது கண்ணு, கிழிச்சுப்போடுவாங்க என்னய."

"கிழிக்கட்டும்" என்றாள்.

மே 20, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஊரில் பாதிக்கு மேல் வந்திருந்தது. மைக்கை வாங்கினேன். பாட்டிலில் நாலு சொட்டு இருந்ததையும் வாடை அடித்ததையும் சோப்புப் போட்டுக் கழுவியதையும் சொன்னேன். இத்தனை வருட ரிப்போர்ட்டும் குப்பை என்றேன். மேனேஜர் எழுந்து, "இந்தம்மா பேச்சை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது சார்" என்று குதித்தான். ஷர்மிளாவும் வந்திருந்தாள். கழுவினால் அப்படித்தான் வரும், முந்தைய ரிசல்ட்டை நம்ப முடியாது என்று எழுந்து நின்று சொன்னாள். என்னைப் பார்க்கவே இல்லை. அதிகாரி வேறு வழியில்லாமல் ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தம் எடுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டார். கவின் பெயரையும் சேர்த்தார்கள்.

செருப்பு வரும் என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன். வரவில்லை. கீழ்த்தெருக் கிழவர் ஒருவர், "பாட்டிலைக் கழுவிப் புடிச்சது குத்தமாடா? எவனாச்சும் அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று அதிகாரியைப் பார்த்துச் சத்தம் போட்டார். பெண்களெல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். என்னைத் தினமும் திட்டுகிற கூட்டம் எனக்காகக் கத்தியது. நான் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எப்போது தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 22, புதன்

பேப்பரில் வந்திருக்கிறது. 'டேங்க் ஆபரேட்டரின் அறியாமை: நஞ்சு குடித்த கிராமம்.' என் பெயர், வயது, புருஷன் பெயர், தெரு எல்லாம் தெளிவாகப் போட்டிருக்கிறது. ஈயம் ஊற்றியவன் 'தனியார் ஆலை ஒன்று'. அவனுக்குப் பெயரும் கிடையாது, தெருவும் கிடையாது. என்ன ஒரு மரியாதை பாருங்கள்!

மே 30, வியாழன்

பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு கிராம். மூன்று வாரத்துக்கு மேல் முன்னதாகவே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். காலை நீட்டி ஒரு உதை விட்டது. எனக்கு உயிர் வந்தது.

ஜூன் 5, புதன்

பிள்ளை ரத்தத்திலும் ஈயம் இருக்கிறது. பயப்படுகிற அளவு இல்லை, தாய்ப்பால் கொடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் காது கேட்பது, பேச்சு, நடை எல்லாவற்றையும் ஐந்து வயது வரை விடாமல் பார்க்க வேண்டுமாம். பத்து வருடம் என்று தெரிந்ததால்தான் இவ்வளவு கவனமாக இருக்கிறோம் என்று குழந்தை டாக்டர் சொன்னார். சம்பந்தியம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததே பெரிய விஷயம்.

ஜூன் 8, சனி

பிள்ளையோடு வீட்டுக்கு வந்தோம். ருக்குமணியும் கவினைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவனுக்கு ரத்தத்தில் ஈயம் இறங்க மருந்து ஏற்றியிருக்கிறார்கள். இரண்டாவது வலிப்புக்கு அப்புறம் வலது கை சரியாகப் பிடிக்கவில்லை. டம்ளரை இடது கையால் வாங்குகிறான். முதல் தடவையோடு நின்றிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

ருக்குமணி நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அத்தன பேரு முன்னால எந்திரிச்சு நின்னு சொன்னீங்களாம்ல. நீங்க சொல்லாட்டி என்ற பையன் பேரையே எடுத்திருப்பாங்க. நீங்க தெரியாமத்தானுங்க செஞ்சீங்க. அது எனக்குத் தெரியாதுங்களா? மனசுல வெச்சுக்காதீங்க."

நான் அழுதேன். அவளும் அழுதாள். தாரணி கட்டிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

தாரணி கேட்டாள்.

"அம்மா, கேன் தண்ணி எப்ப வாங்க ஆரம்பிச்ச?"

"உனக்கு வாய் கசக்குதுன்னு சொன்னப்ப."

"எனக்கு வாய் கசக்குதுன்னு நான் சொல்லவே இல்ல. நீதான் சொன்ன. லேப் அக்கா வந்துட்டுப் போன அடுத்த நாளு."

நான் பிள்ளையின் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ருக்கு அக்கா வாசல்ல வந்து நின்னு கேட்டாங்க. நான் தூங்கல. கேன் அந்த மூலைல இருந்துது. நீ காய்ச்சிக் குடுன்னு சொன்ன."

"உன்னக் காப்பாத்தறதுக்குத்தாண்டி செஞ்சேன்."

"என்னயக் காப்பாத்துன. செரி. அவங்ககிட்டயும் ஒரு வார்த்த 'குடுக்காத'ன்னு சொல்லியிருந்தா உனக்கு என்ன கொறைஞ்சிருக்கும்?"

என்ன குறைந்திருக்கும்? பாவாயி தப்பாகப் பிடித்தாள் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். சம்பந்தி வீட்டில் நான் நீட்டிய காகிதத்தை என் முகத்தில் எறிந்திருப்பார்கள். ஊர் சிரித்திருக்கும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் குறைந்திருக்காது. இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 12, புதன்

நாளைக்கு ருக்குமணியிடம் சொல்லிவிடுகிறேன் என்று தாரணியிடம் சொன்னேன்.

ஜூன் 14, வெள்ளி

கவினுக்கு ஆஸ்பத்திரி நாள். ருக்குமணி வீட்டில் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

மூன்றாம் மாதம்தான் பெண்ணையும் பிள்ளையையும் அனுப்புவது வழக்கம். முப்பது நாள்கூட ஆகவில்லை. காலையில் மாப்பிள்ளை கார் கொண்டுவந்தார். தாரணிதான் வரச் சொல்லியிருக்கிறாள். என்ன அவசரம் என்று கேட்டேன். "இங்க இருக்க முடியலம்மா" என்றாள். பிள்ளையைக் கொஞ்சம் என் மடியில் போட்டாள். போடாமல் போய்விடுவாளோ என்று நினைத்திருந்தேன்.

காரில் ஏறும்போது, "நீ ருக்குகிட்டச் சொல்லிட்டியா?" என்று நானே கேட்டேன். சொல்லியிருக்க மாட்டாளா என்று ஆசையாக இருந்தது.

"நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா உனக்கு லேசாப் போயிரும்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

பகல் முழுக்க ஒன்றும் ஓடவில்லை. அடுப்புப் பற்றவைக்கவில்லை. பொழுது சாயும்போது வாசலில் கால் சத்தம் கேட்டது. ருக்குமணி, கையில் மூடிய தட்டோடு.

"தாரணி போயிட்டாளாமாங்க. ஒத்தையில கெடப்பீங்க, சோறு ஆக்கியிருக்க மாட்டீங்கன்னு நாலு தோசை சுட்டுக் கொண்டாந்தேன். எந்திரிங்கக்கா."

பின்னால் கவின் சட்னிக் கிண்ணத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கொட்டிவிடாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து வாங்கி வைத்தேன். ருக்குமணி எதிரில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் போக மாட்டேன் என்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

மூன்று தோசை சாப்பிட்டேன். சட்னி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.